வீட்டு பீர் தீராம இருக்க நான் பண்ணது

பீர் காய்ச்சுறது எனக்கு பிரச்சினையே இல்ல, நடுவுல வர்ற வறட்சிதான் பிரச்சினை. ஏல்ங்கற பீர் வகைல ஒரு பேட்ச்னா, புளிக்க வைக்கிற ஃபெர்மென்டர்ல ரெண்டு வாரம், பாட்டில்ல கேஸ் ஏற இன்னும் ரெண்டு வாரம், ஆனா ஃப்ரெண்ட்ஸ் வந்துட்டா 20 லிட்டர் போன இடம் தெரியாது, அதுக்கப்புறம் அடுத்தத ஆரம்பிச்சா ஒரு மாசம் வாயப் பாத்துட்டு உக்காரணும்.

இப்ப பாட்டில் பண்ற நாள்தான் எனக்கு அடுத்த பேட்ச் காய்ச்சுற நாள். ஃபெர்மென்டர் அடியில தங்குற ஈஸ்ட் கூழ்ல ஒரு டம்ளர் அளவு சுத்தம் பண்ண ஜாடில எடுத்து வச்சு, புது வோர்ட், அதாவது இன்னும் புளிக்காத மால்ட் சாறு, 20 டிகிரிக்கு ஆறினதும் அதுல ஊத்திடுவேன். புது ஈஸ்ட் பாக்கெட்ட விட சீக்கிரமா நுரைக்க ஆரம்பிக்கும், காசும் மிச்சம். ஆனா ஸ்டவுட்ங்கற கருப்பு பீர்ல எடுத்த ஈஸ்ட்ட வெளிர் ஏல்ல போடாதீங்க, நிறமும் கசப்பும் கூடவே வரும், லைட்லருந்து டார்க்குக்கு போறதுதான் வசதி.

ஸ்டாக் தீருதேன்னு அவசரப்பட்டு மட்டும் பாட்டில் பண்ணக்கூடாது, பீரோட அடர்த்திய அளக்குற ஹைட்ரோமீட்டர் ரெண்டு மூணு நாள் ஒரே அளவு காட்டணும், இல்லன்னா பாட்டில் வெடிக்கும், விளையாட்டில்ல. பாட்டில்ல கேஸ் ஏற போடுற சர்க்கரை லிட்டருக்கு 6, 7 கிராம் போதும்.

ஹாப்ஸ்ங்கற பூவோட வாசனைக்காக காய்ச்சின பீர முதல்ல காலி பண்ணுங்க, அது சீக்கிரம் மங்கிடும். ஸ்ட்ராங்கான ஸ்டவுட் மாசக்கணக்குல நிக்கும்ங்கறதால அதத்தான் ரிசர்வா வச்சிருக்கேன், மூடில தேதி எழுதி, கட்டிலுக்கு அடியில.