நோட்டேஷன் படிக்க இடது கை போதும்

பாளையங்கோட்டைப் பக்கம் சர்ச் கொயரில் சேரும் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறேன். முதல் நாளே நோட்டேஷன், அதாவது இசைக்குறிப்பு, எழுதும் ஐந்து கோட்டையும் நான்கு இடைவெளியையும் மனப்பாடம் செய்யச் சொன்னால் மறுவாரம் பாதிப் பேர் வருவதில்லை. அதனால் இடது கையை நீட்டச் சொல்வேன், உள்ளங்கை நம்மைப் பார்த்து, விரல்கள் வலப்பக்கம், கட்டைவிரல் மேலே. ஐந்து விரலும் ஐந்து கோடு, சுண்டுவிரல்தான் முதல் கோடு. கோடுகளின் தொடக்கத்தில் உயர்ந்த சுரங்களுக்குப் போடும் அடையாளமான ட்ரெபிள் கிளெஃபின் சுருள் இரண்டாவது கோட்டைச் சுற்றி வரும், சரியாக மோதிர விரலில் மோதிரம் போட்ட மாதிரி. அந்த விரல் ஜி என்ற சுரம். அங்கிருந்து இடுக்கு, விரல், இடுக்கு என்று ஏறினால் ஏ, பி, சி. இறங்கினால் எஃப், ஈ. தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிளெஃபுக்கும் அதே கைதான், ஆனால் இரண்டு புள்ளிக்கு நடுவே மாட்டும் ஆள்காட்டி விரல் எஃப்.

அப்புறம் கீபோர்டின் நடுவில் இருக்கும் மிடில் சி எங்கே என்பார்கள். ட்ரெபிள் பாளையங்கோட்டை, பேஸ் திருநெல்வேலி ஜங்ஷன் என்று வைத்துக்கொண்டால் நடுவில் தாமிரபரணிப் பாலம் இருக்கிறதே, அதுதான், இரண்டுக்கும் பொதுவான ஒரு குட்டிக் கோடு.

ஒரு வாரம் ஜி, எஃப், மிடில் சி என்ற இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். நோட்டுக்கு அடியில் பென்சிலால் எழுத்து எழுதிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், கண் எழுத்தைத்தான் பார்க்கும், கோட்டைப் பார்க்காது.