ஸ்பெஷல் என்றால் விசேஷம் இல்லை: போக்கிமொன் சண்டை பழகுபவர்களுக்கு

மாரி மழை பிடித்திருந்த ஒரு பின்னேரம். கிளிநொச்சி வீட்டு விறாந்தையில் அக்காவின் மகன் போனோடு குந்தியிருந்தான். போக்கிமொன் ஷோடவுன் என்ற இணையச் சண்டை விளையாட்டில் தொடர்ந்து மூன்றாவது தோல்வி. "மாமா, கியாரடோஸால ஸ்பெஷல் அடிதானே குடுத்தனான், ஏன் ஒண்டும் நடக்கேல்லை?" என்று கேட்டான். கியாரடோஸ் அவன் அணியில் இருந்த ஒரு போக்கிமொன். அவனுக்குக் காட்டிக் கொடுத்ததையே இங்கே எழுதுகிறேன். ஷோடவுன் இலவசம், பிரவுசரிலேயே ஓடும். பழக அது போதும்.

படி 1: அடி எந்த வகை என்று பாருங்கள்

ஸ்பெஷல் என்ற பெயரைப் பார்த்து, பலத்த அடி என்று நினைத்துவிடுகிறோம். அது வெறும் வகைப் பெயர்தான். உடம்பால் மோதுவது, கடிப்பது, குத்துவது பெரும்பாலும் ஃபிசிக்கல். எட்ட நின்று நெருப்பையோ மின்னலையோ விடுவது பெரும்பாலும் ஸ்பெஷல். மூவின் (அடியின்) பெயருக்குப் பக்கத்தில் செம்மஞ்சள் வெடிப்பு இருந்தால் ஃபிசிக்கல், நீல வட்டங்கள் இருந்தால் ஸ்பெஷல்.

2006இல் டயமண்ட், பேர்ல் என்ற போக்கிமொன் விளையாட்டுகள் வருவதற்கு முன் இப்படி இல்லை. நெருப்பு, தண்ணீர் என்ற இனத்தை வைத்தே வகை முடிவானது. அந்தக் காலத்து விளக்கங்களைப் படித்துக் குழம்பவேண்டாம்.

படி 2: உங்கள் போக்கிமொனின் எண்ணைப் பாருங்கள்

முக்கியமான இடம் இதுதான். ஃபிசிக்கல் அடிக்கு அட்டாக் எண், ஸ்பெஷல் அடிக்கு ஸ்பெஷல் அட்டாக் எண். கியாரடோஸுக்கு அடிப்படை அட்டாக் 125, ஸ்பெஷல் அட்டாக் வெறும் 60. மருமகன் எடுத்தது சர்ஃப்: பவர் 90, ஸ்பெஷல். எடுக்காமல் விட்டது வாட்டர்ஃபால்: பவர் 80, ஃபிசிக்கல். பெருக்கிப் பாருங்கள். சர்ஃபுக்கு 90 × 60 = 5400. வாட்டர்ஃபாலுக்கு 80 × 125 = 10,000. முழுக் கணக்கு இதைவிட நீளம், ஆனால் இரண்டு அடிகளை ஒப்பிட இவ்வளவும் போதும். பவர் குறைந்த அடிதான் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விழுத்தும்!

அலகசாம் இதற்கு நேரெதிர்: அட்டாக் 50, ஸ்பெஷல் அட்டாக் 135. அதற்கு ஸ்பெஷல் அடிகளையே கொடுங்கள்.

படி 3: எதிராளி எங்கே மெலிவு?

ஓனிக்ஸின் டிஃபென்ஸ் 160. ஃபிசிக்கலாக அடித்தால் பாலை மரத்தில் கத்தி போட்ட மாதிரித்தான். ஆனால் அதன் ஸ்பெஷல் டிஃபென்ஸ் 45. சர்ஃப் அங்கே நன்றாக இறங்கும், அதிலும் கல்லும் மண்ணும் சேர்ந்த இனம் என்பதால் தண்ணீர் அடி நான்கு மடங்கு. சான்சிக்கு இது தலைகீழ்: டிஃபென்ஸ் 5, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 105.

படி 4: சொந்த இனத்து அடி

அடியும் போக்கிமொனும் ஒரே இனம் என்றால் சேதம் 1.5 மடங்கு. வகை எதுவானாலும் இது பொருந்தும்.

படி 5: குறி தவறுமா?

ஃபயர் பிளாஸ்ட் பவர் 110, ஆனால் குறி 85 வீதம். ஃபிளேம்த்ரோவர் 90, குறி 100 வீதம். தொடக்கத்தில் ஃபிளேம்த்ரோவரே எடுங்கள். தோற்கிற சண்டையில் ஒரு அடி தவறினால் மனம் விட்டுப்போகும்.

இன்னொன்று: உங்கள் போக்கிமொனுக்குப் பர்ன் (தீக்காயம்) பட்டால் ஃபிசிக்கல் அடியின் சேதம் பாதியாகும், ஸ்பெஷல் அடி அப்படியே இருக்கும். அதனால் அணியில் ஒரு ஸ்பெஷல் அடிகாரனாவது இருக்கட்டும்.

சரி, மழை? தண்டர் அடிக்குக் குறி 70 வீதம்தான். ஆனால் விளையாட்டில் மழை பெய்தால் அது தவறாது, தண்ணீர் அடிகளும் 1.5 மடங்காகும். ரெய்ன் டான்ஸ் என்ற மூவால் வரும் மழை சாதாரணமாக 5 சுற்றுத்தான், போட்ட சுற்றையும் சேர்த்து. அதற்குள் அடித்துவிடுங்கள்.