ஓவர் (டூட்டி முடிந்து நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைப்பது) கொடுப்பது எப்படி? வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கு

அம்பாசமுத்திரம் பக்கம் பிசான நடவு நடந்துகொண்டிருந்த சமயம். வயலில் பாம்பு கடித்து ஒரு அண்ணாச்சி எங்கள் வார்டுக்கு வந்தார். காலை 9 மணிக்கு விஷமுறிவு மருந்து (ஏஎஸ்வி) 10 குப்பி ஏற்றினோம். மதியம் 2 மணிக்கு, "ஏஎஸ்வி போயிருக்கு, பேஷண்ட் ஸ்டேபிள்" என்று ஓவர் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன். மருந்து ஏற்றி ஆறு மணி நேரம் கழித்து, அதாவது 3 மணிக்கு, ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். அதைச் சொல்லவில்லை. 5 மணிக்குத்தான் பார்த்திருக்கிறார்கள், உறையவில்லை; அதாவது விஷம் இன்னும் முறியவில்லை. மறுபடி மருந்து ஏற்றி, நல்லவேளையாகத் தேறிவிட்டார். "சொல்லியிருந்தா பாத்திருப்பேம்லா அக்கா" என்றாள் அடுத்த டூட்டிப் பிள்ளை. பதில் சொல்ல முடியவில்லை.

1. ஓவருக்கு 15 நிமிடம் முன்பே ஒரு சுற்று வாருங்கள். டிரிப், கேனுலா, யூரின் பை. இது உங்களுக்கே தெரியும்.

2. எஸ்பார் (SBAR) வரிசையில் சொல்லுங்கள்: இப்போது எப்படி இருக்கிறார், எதற்காக வந்தார், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அடுத்து என்ன செய்ய வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த முறை இது. நான் கோட்டை விட்டது நாலாவதில்தான். "கவனிக்கவும்" என்று எழுதினால் யாரும் எதையும் கவனிக்க மாட்டார்கள். "3 மணி: 20 நிமிட உறைவுச் சோதனை. உறையாவிட்டால் உடனே டாக்டரைக் கூப்பிடு" என்று மணியோடு எழுதுங்கள்.

3. மேஜையில் உட்கார்ந்து வேண்டாம், கட்டில் பக்கத்தில் நின்று கொடுங்கள். நாம் விட்டதை நோயாளியோடு இருப்பவர் சொல்லிவிடுவார். எச்ஐவி மாதிரி விஷயங்களை மட்டும் தனியாக.

4. ஓவர் வாங்கியவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஐ-பாஸ் என்ற முறையின் கடைசிப் படியும் இதுதான். டாக்டர்கள் ஓவர் கொடுப்பதில் அந்த முறையைக் கொண்டுவந்த 9 ஆஸ்பத்திரிகளின் குழந்தைகள் பிரிவுகளில் தவறுகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014-இல் ஆய்வு வெளிவந்தது.

வாட்ஸ்அப் குரூப்பில் ஓவர் போடுவது எனக்குப் பிடிக்காது. நோயாளி விவரம் எங்கெங்கோ போகும். ஒரு ஏ4 தாளை நாலாக மடித்து அதில் எழுதினால் போதும்.

பின்சேர்க்கை: "நைட்ல நான் ஒருத்திதான், 30 பேர், எல்லார் கட்டிலுக்கும் எப்படிப் போக?" என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தாள். சரிதான். சீரியஸாக இருப்பவர்களுக்கு மட்டும் கட்டிலில், மற்றவர்களுக்குப் பாக்கி வேலையை மட்டும் சொன்னால் போதும்.

இன்னொருவர் சோப்புப் போட்டுக் கழுவிய குழாயில் உறைவுச் சோதனை செய்து ஏமாந்திருக்கிறார்; அதில் நல்ல ரத்தமும் உறையாமல் போகலாம். அதனால் இப்போதெல்லாம் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயையும் டிராலியில் எடுத்து வைத்து, அடுத்தவருக்குக் காட்டிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.