மண் ஈர சென்சார் சொல்வதை மோட்டார் நம்பலாமா? லோரா வலைக்கான பாதுகாப்புச் செய்முறை

தோட்டத்தில் நாலு இடத்தில் மண் ஈர சென்சார் நட்டு, அது லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் செல்லும் ரேடியோ முறை) வழியாக அனுப்பும் எண்ணைப் பார்த்துச் சொட்டுநீர் மோட்டார் தானாக ஓடும்படி வைத்திருக்கிறீர்கள். இதற்குப் பாதுகாப்பு வேண்டும் என்றால், "என் மண்ணின் ஈரத்தை எவன் திருடப் போகிறான்?" என்றுதான் கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. ஈர அளவு ரகசியமே இல்லை. ஆனால் அந்த எண்ணை நம்பித்தான் மோட்டார் ஓடுகிறது, நிற்கிறது. பொய் எண் வந்தால் பயிர் காயும். இல்லையென்றால் கிணறு வற்றும்வரை மோட்டார் ஓடும். செய்தியை மறைப்பது இங்கே இரண்டாம்பட்சம். அது நம் சென்சார் அனுப்பியதுதானா, இப்போது அனுப்பியதுதானா என்பதே முக்கியம்.

தேவையானவை: ஈஎஸ்பி32 என்ற சிறு கணினி போர்டு மூன்று, எஸ்எக்ஸ்1276 சில்லு உள்ள லோரா மாட்யூல் மூன்று, கெபாசிட்டிவ் மண் ஈர சென்சார் ஒன்று. மாட்யூல் 865–867 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்ய வேண்டும். இந்தியாவில் உரிமம் வாங்காமல் பயன்படுத்தக்கூடிய அலைவரிசை அது. அர்டுயினோவில் லோரா செய்தி அனுப்பவும் வாங்கவும் தெரிந்திருந்தால் போதும்.

படி 1: முதலில் நீங்களே தாக்கிப் பாருங்கள்

ஒரு போர்டு சென்சார், ஒன்று மோட்டாரை இயக்கும் கேட்வே, மூன்றாவது திருடன். சென்சார் ஈர அளவை வெறும் எழுத்தாக அனுப்பட்டும். மூன்றாவது போர்டில் அதே அலைவரிசை, அதே ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் (செய்தியைக் காற்றில் எவ்வளவு நீட்டி அனுப்புவது என்ற அமைப்பு), அதே பேண்ட்வித் (அலைவரிசையின் அகலம்) வையுங்கள். எல்லாச் செய்தியும் அப்படியே திரையில் ஓடும்.

சிங்க் வேர்டை (செய்தியின் தொடக்கத்தில் போகும் வலை அடையாள எண்) மாற்றினால் பாதுகாப்பு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரே ஒரு பைட். 256 மதிப்புகளுக்குள் முடிந்துவிடும். பக்கத்து வலையின் செய்திகளை ஒதுக்கத்தான் அது. சிஆர்சி என்ற பிழைச் சரிபார்ப்பு எண்ணும் இரைச்சலால் வரும் பிழையைப் பிடிக்குமே தவிர ஆளைப் பிடிக்காது.

இப்போது சென்சாரை ஈரத்துணியில் வைத்து, அந்தச் செய்தியை மூன்றாவது போர்டில் சேமியுங்கள். பிறகு சென்சாரைத் துடைத்துக் காயவிட்டு, சேமித்த செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்புங்கள். மண் நனைந்தே இருப்பதாக கேட்வே நம்பும், மோட்டாரைத் தொடாது. ரீப்ளே தாக்குதல் இதுதான்.

படி 2: செய்திக்கு முத்திரை

ஈஎஸ்பி32-இல் எம்பெட் டிஎல்எஸ் என்ற குறியாக்க நூலகம் ஏற்கெனவே இருக்கிறது. சென்சாரும் கேட்வேயும் மட்டும் அறிந்த ரகசியச் சாவியைக் கொண்டு, அதில் ஏஇஎஸ்-128 குறியாக்கத்தை சிசிஎம் முறையில் பயன்படுத்துங்கள். உள்ளடக்கத்தை மறைப்பதும் முத்திரை (சாவி இல்லாதவர் போலியாக உருவாக்க முடியாத சரிபார்ப்புக் குறி) இடுவதும் ஒரே அழைப்பில் முடிந்துவிடும். செய்தியின் அமைப்பு: சென்சார் எண் 1 பைட், எண்ணி (இது எத்தனையாவது செய்தி என்ற எண்) 4 பைட், மறைக்கப்பட்ட ஈர அளவும் பேட்டரி அளவும் 4 பைட், முத்திரை 8 பைட். மொத்தம் 17 பைட். சென்சார் எண்ணும் எண்ணியும் மறையாமல் போனாலும், கூடுதல் தரவாகக் கொடுத்தால் முத்திரை அவற்றையும் சேர்த்தே காக்கும்.

பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் 7, பேண்ட்வித் 125 கிலோஹெர்ட்ஸில் 17 பைட் காற்றில் இருப்பது சுமார் 50 மில்லி விநாடி. முத்திரைக்காகக் கூடுவது அதில் ஏறக்குறைய 10 மில்லி விநாடிதான்.

படி 3: எண்ணி பின்னால் போகவே கூடாது

அதிகம் தடுமாறும் இடம் இது, நிதானமாகப் படியுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் எண்ணி ஒன்று கூட வேண்டும். சிசிஎம் கேட்கும் நான்ஸ் (ஒரே முறை மட்டும் பயன்பட வேண்டிய எண்) மதிப்பைச் சென்சார் எண்ணிலிருந்தும் எண்ணியிலிருந்தும் அமையுங்கள். ஒரே சாவியில் ஒரே நான்ஸ் இரண்டு முறை வந்தால் மறைப்பு உடைந்துவிடும்.

செய்திகளுக்கு நடுவே போர்டு தூங்கும் டீப் ஸ்லீப்பில், ஆர்டிசி மெமரி என்ற சிறு நினைவகம் எண்ணியைக் காப்பாற்றும். பேட்டரியைக் கழற்றினால் அது 0 ஆகிவிடும். மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் ஒவ்வொரு முறையும் எழுதினால் ஃபிளாஷ் தேயும். அதனால் நூறு நூறாக முன்பதிவு செய்யுங்கள். ஃபிளாஷில் 500 இருக்கிறது என்றால், முதலில் 600 என்று எழுதிவிட்டு 500-இலிருந்து அனுப்பத் தொடங்குங்கள். 600-ஐத் தொட்டதும் 700 எழுதுங்கள். நடுவில் மின்சாரம் போனால் சில எண்கள் வீணாகும், அவ்வளவுதான். 15 நிமிடத்துக்கு ஒரு செய்தி என்றால் நாளைக்கு ஒரு முறைதான் ஃபிளாஷில் எழுதுவீர்கள்.

கேட்வே பக்கம் வரிசை முக்கியம். முதலில் முத்திரையைச் சரிபாருங்கள். பிறகு எண்ணி கடைசியாக ஏற்றதைவிடப் பெரியதா என்று பாருங்கள். இரண்டும் சரியானால் மட்டும் புதிய எண்ணியைச் சேமியுங்கள், கேட்வேயின் ஃபிளாஷிலும். முத்திரை பார்க்காமல் எண்ணியைச் சேமித்தால், யாராவது மிகப்பெரிய எண்ணோடு ஒரு போலிச் செய்தி அனுப்பி உங்கள் உண்மையான சென்சாரையே வெளியே தள்ளிவிடலாம்.

இப்போது படி 1-இன் தாக்குதலைத் திரும்பச் செய்யுங்கள். கேட்வே பழைய செய்தியை நிராகரிக்க வேண்டும்.

படி 4: சென்சாருக்கு ஒரு சாவி

தோட்டத்தில் நிற்கும் போர்டை யார் வேண்டுமானாலும் பிடுங்கிக்கொண்டு போகலாம். யூஎஸ்பி கேபிள் ஒன்று இருந்தால் ஃபிளாஷ் முழுவதையும் படித்துவிடலாம். எல்லாச் சென்சாருக்கும் ஒரே சாவி வைத்திருந்தால் வலை மொத்தமும் போயிற்று.

2016-இல் குறியாக்க அறிஞர் அடி ஷமீர் இடம்பெற்ற ஆய்வுக் குழு பிலிப்ஸ் ஹியூ ஸ்மார்ட் பல்புகளில் காட்டியது இதைத்தான். பல்பின் மென்பொருளைக் காத்ததும் இதே ஏஇஎஸ்-சிசிஎம் முறைதான். அதை யாரும் உடைக்கவில்லை. மின்நுகர்வை அளந்து சாவியை எடுத்தார்கள். அந்த வகைப் பல்புகளுக்கெல்லாம் அது பொதுச் சாவி.

கணினியில் பைத்தானின் சீக்ரெட்ஸ் மாட்யூலைக் கொண்டு சென்சாருக்கு ஒன்றாக 16 பைட் சாவி உருவாக்குங்கள். பலரும் பார்க்கக்கூடிய கிட்ஹப் தளத்தில் ஏற்றும் நிரலுக்குள் அதை வைக்காதீர்கள். சென்சார் காணாமல் போனால் கேட்வேயில் அதன் சாவியை மட்டும் அழித்துவிட்டால் போதும். ஈஎஸ்பி32-இல் ஃபிளாஷ் என்கிரிப்ஷனும் உண்டு. ஆனால் அதற்கான ஈஃபியூஸ் (சில்லுக்குள் ஒரே முறை எழுதக்கூடிய பிட்) ஒருமுறை எரிந்தால் திரும்பாது, பழகும்வரை தொடாதீர்கள்.

படி 5: செய்தி வராமல் நின்றால்

அதே அலைவரிசையில் யாராவது இரைச்சல் போட்டால் எந்தச் சாவியும் உதவாது. அப்போது மோட்டார் என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள்தான் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். தொடர்ந்து மூன்று செய்தி வரவில்லை என்றால் கேட்வே உங்கள் கைபேசிக்குத் தகவல் அனுப்பட்டும்; மோட்டார் நேர அட்டவணைக்கு மாறட்டும். சென்சார் என்ன சொன்னாலும் மோட்டார் ஒரே மூச்சில் ஓடும் நேரத்துக்கு ஓர் உச்ச வரம்பு வையுங்கள்.

செய்தியை ஒரு சென்சார் இன்னொன்றுக்குக் கைமாற்றும் மெஷ் வலை என்றால் சிங்க்ஹோல் (செய்திகளையெல்லாம் தன் பக்கம் இழுப்பது), சிபில் (ஒருவரே பல சென்சாராக நடிப்பது), வார்ம்ஹோல் (ஓரிடத்துச் செய்தியைக் குறுக்குவழியில் வேறிடத்தில் விடுவது) என்று வேறு தாக்குதல்களும் வரும். இங்கே எல்லாச் சென்சாரும் நேராக கேட்வேயிடம் பேசுவதால் அவற்றுக்கு இடமில்லை. தோட்ட அளவுக்கு மெஷ் வேண்டாம் என்பதே என் கருத்து. லோராவின் மேல் அமைந்த ஆயத்த வலை முறையான லோராவான் பயன்படுத்துகிறவர்களுக்கு முத்திரையும் எண்ணியும் அதிலேயே இருக்கின்றன. ஓடிஏஏ முறையில் (ஒவ்வொரு முறை இணையும்போதும் புதிய சாவி உருவாகும் முறை) இணையுங்கள், சோதனைக்கு வசதி என்று எண்ணிச் சரிபார்ப்பை மட்டும் அணைத்து வைக்காதீர்கள்.