மல்லிகைக் கவாத்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்குனி பிறந்தால் போதும், "செடி தளதளன்னு இருக்கு, பூவைத்தான் காணோம்" என்று யாராவது போட்டோ அனுப்பிவிடுவார்கள். புதிதாகக் குண்டுமல்லி வளர்ப்பவர்கள் வருஷா வருஷம் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: கவாத்தில், அதாவது கிளைகளை வெட்டிவிடுவதில்.

நுனியை மட்டும் நறுக்குவது

குண்டுமல்லி புதுத் தளிரில்தான் மொட்டு கட்டும். நுனியை மட்டும் நறுக்கினால் தளிரும் உச்சியில்தான் வரும். மேலே குடை போல அடைத்துக்கொள்ளும், உள்ளே வெயில் புகாது, அடி இலை பழுத்து உதிரும். அடுத்த வருஷம் பூ இன்னும் ஒரு சாண் மேலே போய்விடும்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா ஸ்டூல் போட்டு ஏறித்தான் பூப் பறிப்பார். கிடைப்பதோ ஒரு கைப்பிடி. "ஒட்ட வெட்டினா பட்டுப்போயிடுமோன்னு பயமா இருக்கு தம்பி" என்றார். நல்ல வேர் பிடித்த செடி பட்டுப்போகாது. தரையிலிருந்து 45 முதல் 50 செ.மீ., அதாவது ஒன்றரை அடி விட்டுவிட்டு மேலே உள்ளதை எல்லாம் எடுத்துவிட வேண்டும். கிளையைத் திருப்பிப் பாருங்கள், கணுவில் கடுகளவு பச்சை முளை தெரியும். வெளிப்பக்கம் பார்த்த முளைக்குச் சற்று மேலே, சாய்வாக ஒரே வெட்டு.

இவ்வளவும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் மறுபடி இரண்டு அங்குலம்தான் வெட்டுகிறார்கள். ஒரு பருவப் பூவே போய்விடுகிறதே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

காலம் தப்புவது

குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை. அடைமழை விடாமல் பெய்தால் கொஞ்சம் பொறுங்கள். பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. மூன்றையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். மாசி பிந்திக் குண்டுமல்லியை வெட்டினால், வரவேண்டிய மொட்டையும் சேர்த்து வெட்டியதாகிவிடும்.

வெட்டுவதற்கு முதல் நாள் வரை தண்ணீர் விடுவது

சில நாள் முன்பே நிறுத்துங்கள்.

மழுங்கிய கத்தரி

பட்டை நசுங்கும். வேண்டாம்.

வெட்டிவிட்டுப் பட்டினி போடுவது

நிலத்துச் செடிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம், தொட்டிக்கு இரண்டு மூன்று கைப்பிடி மண்புழு உரம். போட்டுவிட்டு, அப்புறம் தண்ணீர்.

காய்ந்த குச்சியை விட்டுவைப்பது

காய்ந்தது, நோய் கண்டது, உள்நோக்கிக் குறுக்கே ஓடுவது எல்லாவற்றையும் அடியோடு எடுங்கள். தடித்த கிளையின் வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துத் தடவிவிடுங்கள்.