கட்டுநாயக்கவிலிருந்து ரொறொன்ரோ எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? எக்செலில் நாமே கணக்குப் போடலாம்

இணையத்தில் தேடினால் தளத்துக்குத் தளம் வேறு வேறு பதில் வரும், விளம்பரம் வேறு கண்ணை மறைக்கும். எனக்கு எக்செல்தான் பிடிக்கும், ஒருமுறை போட்டு வைத்தால் லண்டனுக்கும் மெல்பேர்னுக்கும் அதுவே போதும்.

கூகுள் மெப்பில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், அகலாங்கும் நெட்டாங்கும் வரும். கட்டுநாயக்க 7.18, 79.88. ரொறொன்ரோ பியர்சன் 43.68, -79.63. நான்கையும் ரேடியன்ஸ் என்ற கட்டளையால் ஆரையன் என்ற கோண அலகுக்கு மாற்றுங்கள், எக்செலுக்குப் பாகை விளங்காது. இனி, அகலாங்கு இரண்டின் சைனையும் பெருக்குங்கள். அவற்றின் கோசைன் இரண்டையும் நெட்டாங்கு வித்தியாசத்தின் கோசைனோடு பெருக்கி, முதல் விடையுடன் கூட்டுங்கள். வருவதன் நேர்மாறு கோசைனை, பூமியின் ஆரையான 6371 ஆல் பெருக்கினால் கிலோமீற்றர். ஏறக்குறைய 13,995 வர வேண்டும்.

4,059 வந்ததா? அப்படியென்றால் அந்தக் கழித்தல் குறி விடுபட்டிருக்கிறது. நெட்டாங்கு பூச்சியமாக உள்ள கிறீன்விச் கோட்டுக்கு மேற்கே உள்ள நெட்டாங்கெல்லாம் மறை எண். லண்டனுக்குக் குறியை விட்டாலும் விடை பெரிதாக மாறாது, ஹீத்ரோ அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் பிழை கண்ணில் படாமலே போய்விடும். ரொறொன்ரோவில் அப்படித் தப்ப முடியாது. 79.88, 79.63 இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண் என்பதால், குறி இல்லாவிட்டால் ரொறொன்ரோ நமக்கு நேர் வடக்கே கசகஸ்தானில் போய் உட்கார்ந்துவிடும்!

நேரத்துக்கு, தூரத்தை 850 ஆல் வகுத்து, ஏற இறங்க அரை மணித்தியாலம் கூட்டுங்கள். ஆனால் ரொறொன்ரோவுக்கு இங்கிருந்து நேரடி விமானம் இல்லை, எங்காவது மாற வேண்டும், ஆகவே துண்டு துண்டாகப் போடுங்கள். டோஹா வழியென்றால் 3,612 கிலோமீற்றர், பிறகு 10,879. பறப்பு மட்டும் பதினெட்டு மணித்தியாலம். மேற்கே போகும்போது உயரத்தில் எதிர்க்காற்று என்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். காத்திருப்பு தனி.

பிறகு சேர்த்தது: டிக்கெட்டில் காலை 4.00 புறப்பாடு, அதே நாள் பிற்பகல் 3.30 வருகை என்று இருக்கிறதே, பதினொன்றரை மணித்தியாலம்தானா என்று கேட்கிறார்கள். இல்லை. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். கோடையில் ரொறொன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. கோடை என்றால் கூட்டிப் பாருங்கள், 21 மணித்தியாலம். திரும்பி வரும்போது கழிக்க வேண்டும். திங்கள் இரவு அங்கே ஏறுபவர் பெரும்பாலும் புதன்தான் இங்கே இறங்குவார். மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஏழெட்டு மணித்தியாலம் ஓடும் வான்காரரிடம் ஏறும் திகதியைச் சொல்லிவிடாதீர்கள், டிக்கெட்டில் உள்ள வருகைத் திகதியைச் சொல்லுங்கள்.