கருமுட்டை குறைவா? ஐவிஎஃப் சிகிச்சையில் காலத்தை விழுங்கும் தவறுகள்

சினைப்பையில் முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஏஎம்ஹெச் ரிப்போர்ட்டில் 0.7 என்ற குறைந்த அளவைப் பார்த்ததுமே "இனிமேல் எனக்குக் குழந்தையே பிறக்காதா?" என்று உடைந்துபோகும் பெண்கள் பலர். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. முட்டையை வளர்க்கும் ஹார்மோன் ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கலாம் என்பதைத்தான் அந்த எண் ஓரளவு காட்டும். முட்டையின் தரத்தைச் சொல்லாது. அது பெரும்பாலும் வயதைப் பொறுத்தது. வயது கூடக்கூட, குரோமோசோம் எண்ணிக்கை பிசகிய முட்டைகளும் கூடும். அதனால் 32 வயதில் எடுக்கும் மூன்று முட்டையும் 42 வயதில் எடுக்கும் மூன்று முட்டையும் ஒன்றல்ல. ஐவிஎஃப்பில் முட்டை குறைவாக வருபவர்களைப் பிரித்துப் பார்க்க 2016-இல் வந்த போசைடன் வகைப்பாடு 35 வயதைக் கோடாக வைத்தது இதனால்தான்.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்து. "ஏஎம்ஹெச் நன்றாகத்தானே இருக்கிறது" என்று 39 வயதில் ஒரு வருடம் தள்ளிப்போடுகிறார்கள். அந்த ஒரு வருடத்தை எந்த மருந்தாலும் திருப்பித் தர முடியாது.

அடுத்தது, "டோஸைக் கூட்டுங்கள் டாக்டர்" என்று கேட்பது. அந்த மாதம் வளரத் தயாராக இருக்கும் ஃபாலிக்கிள்களை (முட்டை வளரும் சிறு பைகளை) மட்டுமே ஊசி வளர்க்கும்; இல்லாததை உருவாக்காது. முட்டை இருப்பு குறைந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 300 யூனிட்டைத் தாண்டினால் செலவுதான் கூடும். ஆனால் இருப்பு நன்றாக இருந்தும் முட்டை குறைவாக வந்தால் கதை வேறு. அவர்களுக்கு டோஸையோ மருந்தையோ மாற்றினால் அடுத்த சைக்கிளில் கூடுதலாகக் கிடைக்கலாம். ஒரே சுற்றோடு மனம் தளர வேண்டாம்.

சினைப்பையில் சாக்லேட் கட்டி (எண்டோமெட்ரியோசிஸால் பழைய ரத்தம் தேங்கிய கட்டி) இருந்தால் "முதலில் அதை எடுத்துவிடலாம்" என்று அவசரப்படாதீர்கள். கட்டியோடு நல்ல திசுவும் போய், இருக்கிற முட்டையும் குறையலாம். கடும் வலியோ, புற்றுநோய்ச் சந்தேகமோ, முட்டை எடுக்க இடைஞ்சலோ இருந்தால் ஆபரேஷன் தேவைப்படலாம். அப்போதும், முன்கூட்டியே முட்டையைச் சேமிக்கலாமா என்று கேளுங்கள்.

சினைப்பைக்குள் பிஆர்பி (சொந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் பிளேட்லெட் நிறைந்த திரவம்) செலுத்தினால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடும் என்பதற்கு உறுதியான சான்று இன்னும் இல்லை. கடன் வாங்கியாவது செய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து நிதானியுங்கள். புகைப்பழக்கத்தை விடுவதற்கோ காசே ஆகாது.

அப்புறம், கருமுட்டை தானம் என்ற பேச்சை எடுத்தாலே கதவைச் சாத்திவிடுவது. அதில் வெற்றியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கொடுப்பவரின் வயது. இந்தியாவில் 2021 சட்டப்படி 23 முதல் 35 வயது உள்ளவர்களே கொடுக்கலாம். உடனே சம்மதிக்க வேண்டியதில்லை, யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மையத்தில் வெற்றி விகிதம் சொன்னால், அது கர்ப்பப் பரிசோதனையில் "பாசிட்டிவ்" வந்தவர்களின் கணக்கா, குழந்தை பெற்றவர்களின் கணக்கா என்று கேளுங்கள். உங்கள் வயதில், உங்கள் அளவு முட்டையோடு சிகிச்சையைத் தொடங்கியவர்களில் எத்தனை பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்கள் என்பதையும் கேளுங்கள்.